சுமையை முதலில் நிறுத்துப் பாருங்கள்

சுமை ஏற்றவும் அன்றாடம் ஓட்டவும் தனக்கேற்ற சைக்கிளைக் கட்டிக்கொள்ள விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பத்தொன்பது ஆண்டுகளாகக் கையால் ஃபிரேம் கட்டிவரும் பெண்மணி ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: செடி வளர்த்து விற்பவன் நான். தொட்டிச் செடிகளையும் உர மூட்டைகளையும் வாங்குபவர் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். சுமார் 30 கிலோ இருக்கும். முன்பக்கம் தட்டு வைத்த வண்டி நல்லதா, பின்பக்கம் நீட்டிய வண்டி நல்லதா?

அந்தச் “சுமார்” என்ற சொல்லைத்தான் முதலில் கேட்கிறேன். என் பட்டறை வாசல் உத்தரத்தில் ஒரு வில் தராசு தொங்குகிறது. வண்டி கட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும், ஏற்றப்போகும் பொருளையே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கொண்டுவந்ததும் எடை, நீளம், உயரம், ஒரு நாளில் எத்தனை முறை ஏற்றி இறக்குகிறார் என்பதை நோட்டில் எழுதிக்கொள்வேன். போன ஆண்டு “30 கிலோதான்” என்று உறுதியாகச் சொன்ன ஒருவரின் சுமை தராசில் 52 காட்டியது. உங்களுடையது மண். காய்ந்த மண்ணின் எடை வேறு, தண்ணீர் குடித்த மண்ணின் எடை வேறு. செடிக்கு நீர் ஊற்றிய பிறகு நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து, சுமை நிமிர்ந்து நிற்க வேண்டியதா, படுக்கக்கூடியதா என்று பாருங்கள். தொட்டிச் செடி நிமிர்ந்தே வர வேண்டும். அதற்கு முன் தட்டு வண்டிதான் சரி. 1920களில் டென்மார்க்கில் தோன்றிய ‘லாங் ஜான்’ அமைப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: முன்னால் ஒரு சிறிய சக்கரம், அதற்கும் கைப்பிடிக்கும் நடுவில் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த தட்டு, கைப்பிடித் தண்டிலிருந்து, முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்குக்குத் தட்டின் அடியில் ஓடும் ஒரு கம்பி. சுமை தாழ்ந்து இருப்பதால் வண்டி சாயும்போது உங்களை இழுக்காது. செடி எப்படி நிற்கிறது என்பதும் போகும் வழியெல்லாம் கண்ணில் தெரியும். முதல் இருநூறு மீட்டர் ஓட்டும்போது பயம் வரும், ஏனென்றால் கை திருப்புவது ஓரிடம், சக்கரம் திரும்புவது வேறிடம். சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள், உடல் தானாகப் பழகிவிடும்.

சக்கரம் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். 20 இஞ்ச் என்று எழுதிய டயர்களில் ரிம் விட்டம் 406 மி.மீ. உள்ளதும் உண்டு, 451 மி.மீ. உள்ளதும் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அகல டயர் எளிதில் கிடைப்பது 406-க்குத்தான்.

உர மூட்டை மட்டும் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். மூட்டை, பலகை, ஏணி போன்றவற்றுக்குப் பின்பக்கம் நீட்டிய வண்டியே எளிது. 1990களில் ராஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், நிகரகுவாவில் மக்கள் சைக்கிளில் பாரம் சுமப்பதைப் பார்த்து, சாதாரண சைக்கிளின் பின் சக்கரத்தை 15 இஞ்ச் பின்னுக்குத் தள்ளும் ஒரு இணைப்பை உருவாக்கினார். இன்றைய நீள்வால் வண்டிகளில் பலவும் அந்த யோசனையின் வழி வந்தவை. சுமை இல்லாதபோது சாதாரண சைக்கிளைப் போலவே ஓடும் என்பதுதான் அதன் பெரிய வசதி.

கேள்வி: எனக்கு நான்கு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். இருவரையும் உட்கார வைத்துப் போக மூன்று சக்கர வண்டிதானே பாதுகாப்பு?

நின்றிருக்கும்போது ஆமாம். ஓடும்போது அதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும்.

கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984-இல் லார்ஸ் எங்ஸ்ட்ரோம் தம் துணைவிக்காகக் கட்டிய முன்பெட்டி வண்டியிலிருந்துதான் இன்று பெயர் பெற்ற கிறிஸ்டியானியா வண்டிகள் வந்தன. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பெட்டி. சிக்னலில் காலை ஊன்ற வேண்டாம், குழந்தை ஏறும்போது வண்டி சாயாது. ஆனால் இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும்; சாதாரண மூன்று சக்கர வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். பெட்டியில் குழந்தைகள் ஒரே பக்கம் நகர்ந்தால் இன்னும் சீக்கிரம் எழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நீங்கள் உடலை உள்பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும். வெறும் வண்டியில், காலியான மைதானத்தில் ஒரு வாரம் இதைப் பழகுங்கள்.

உங்கள் வழி சமதளமாகவும் மெதுவாகப் போகக்கூடியதாகவும் இருந்தால் மூன்று சக்கரம். மேடு பள்ளமும் வேகமும் இருந்தால், தாழ்ந்த பெட்டி வைத்த இரண்டு சக்கர வண்டி. எதுவானாலும் பெட்டியை இன்றைய குழந்தைக்கு அளந்து கட்டாதீர்கள். மூன்று ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் கட்டச் சொல்லுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, சக்கரத்துக்குள் விரல் போகாத மூடி, ஊன்றினால் தானே மடங்காத அகல இரட்டை ஸ்டாண்டு ஆகிய மூன்றும் இல்லாமல் குழந்தை வண்டியைப் பட்டறையிலிருந்து நான் வெளியே விடுவதில்லை. உங்கள் பையன் தலை நிமிர்த்தித் தானாக உட்காருகிறான் என்றால் வரலாம். கைக்குழந்தையாக இருந்திருந்தால் காத்திருங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

கேள்வி: அக்கா, வெல்டிங் படிக்கிறேன். இரண்டு பழைய சைக்கிளை வெட்டிச் சேர்த்து ஒரு நீள்வால் வண்டி கட்டினேன். தனியாக ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. 50 கிலோ ஏற்றினால் பாம்பு மாதிரி நெளிகிறது. குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய் வாங்கிக் கட்டினால் சரியாகிவிடுமா?

தம்பி, கட்டி முடித்து, ஓட்டியும் பார்த்து, குறையை மறைக்காமல் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைத்தான் இந்த முறை அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

முதலில் எளிய காரணங்களைக் கழித்துவிடு. கைப்பிடித் தண்டு சுழலும் பேரிங்கான ஹெட்செட்டில் ஆட்டம் இருக்கிறதா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் கையில் தட்டும். சக்கர அச்சில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறதா? டயரில் காற்று குறைவா? மூட்டை கயிற்றுக்குள் தனியாக ஆடுகிறதா? இவை எதுவும் இல்லை என்றால் குற்றம் ஃபிரேமில்தான். சுமையை ஏற்றி, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் பின் கேரியரின் கடைசியையும் பிடித்து எதிரெதிராகத் தள்ளிப் பார். எங்கே முறுக்கிக்கொள்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் பழைய ஃபிரேம் முடிந்து புதிய வால் தொடங்கும் இடமாகத்தான் இருக்கும்.

குரோமோலி இதற்கு மருந்தில்லை. சாதாரண இரும்புக் குழாய், விலை உயர்ந்த குரோமோலி, எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: 200 ஜிகாபாஸ்கல் அளவில். குரோமோலியின் சிறப்பு வலிமையில் இருக்கிறது. அதிக அழுத்தம் வந்தாலும் நிரந்தரமாக வளையாமலும் உடையாமலும் தாங்கும். அதனால் மெல்லிய சுவர் கொண்ட குழாயைப் போட்டு எடையைக் குறைக்கலாம். ஆனால் அதே விட்டத்தில் சுவர் மெலிந்தால் வண்டி இன்னும் அதிகமாக நெளியும்.

விறைப்பைத் தருவது விட்டம். சுவர்க் கனம் மாறாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால், குழாயின் விறைப்பு விட்டத்தின் மூன்றாம் படியாகக் கூடும். 25.4 மி.மீ. குழாய்க்குப் பதில் 31.8 போட்டால் எடை கால் பங்குதான் ஏறும், விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்கு. 38.1 போட்டால் மூன்று மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், காகிதக் கட்டு ஏற்றும் ஒருவருக்கு 25 மி.மீ. குழாயில் நீள்வால் கட்டிக் கொடுத்தேன். இறக்கத்தில் கைப்பிடி நடுங்குகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் அதே சுமையோடு நானே ஓட்டிப் பார்த்தேன். வேகம் கூடியதும் கைப்பிடி என் பிடிக்குள் நிற்கவில்லை. இரண்டு முழங்காலையும் பாரில் இறுக அணைத்து, சீட்டிலிருந்து பாரத்தைச் சற்றே எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டபடி நிறுத்தினேன். உனக்கும் அப்படி நடுங்கினால் அதையே செய். அந்த வாலை அன்றே வெட்டி எடுத்தேன். அவரிடம் வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

உன் வண்டிக்கு என் யோசனை: கைப்பிடித் தண்டு நுழையும் முன் ஹெட் குழாயிலிருந்து இரு பக்கமும் இரண்டு நீளக் குழாய் கிளம்பி, சீட்டுக் குழாயைத் தொட்டு, பின் அச்சு வரை போகட்டும். கேரியரின் அடியில் குறுக்குக் குழாய் இரண்டு வை. சதுரம் முறுக்கிக்கொள்ளும், முக்கோணம் முறுக்காது. எங்கே சதுரம் தெரிகிறதோ அங்கே ஒரு குறுக்குக் கோடு போடு.

வெல்டிங் படிப்பதால் இன்னும் இரண்டு சொல்கிறேன். துத்தநாகம் பூசிய குழாயை எடுக்காதே. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பித்தளை வைத்துப் பற்றவைக்கும் சூட்டிலேயே அது புகையாக எழத் தொடங்கிவிடும். ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் பற்றவைத்து, அன்று இரவு முழுக்கக் குளிர்காய்ச்சலில் கிடந்தேன். இரண்டாவது, இரு முனையும் மூடிய குழாயில் காற்று வெளியேற ஒரு சிறு துளை போடாமல் நெருப்பைக் காட்டாதே. உள்ளே காற்று சூடாகி உருகிய உலோகத்தைத் தள்ளிவிடும். பற்றுப் பிடித்ததுபோல் தெரியும், பிடித்திருக்காது.

கேள்வி: சுமை வண்டிக்குச் சாதாரண பிரேக் போதாதா?

போதாது. ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலேயே இறங்க வேண்டுமானால், புவியீர்ப்பு தரும் ஏறக்குறைய 400 வாட்டை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். காற்றும் டயர் உராய்வும் தின்றது போக, 250 வாட்டுக்கு மேல் பிரேக்கில் வெப்பமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ரிம்மைக் கட்டை பிடிக்கும் பிரேக்கில் அந்த வெப்பம் ரிம்முக்கும் டயருக்கும் போகிறது. முலாம் பூசிய இரும்பு ரிம்மாக இருந்து மழையும் பெய்தால், கட்டை வழுக்கிக்கொண்டு போகும். அந்த ரிம்மைச் சுமை வண்டியில் நான் போடவே மாட்டேன்.

டிரம் பிரேக் மழையைப் பொருட்படுத்தாது, பராமரிப்பும் குறைவு. நீண்ட இறக்கம் உள்ள வழிக்கு 180 மி.மீ. டிஸ்க் பொருத்துங்கள். சாதாரண சைக்கிளில் முன் பிரேக்தான் பெரும் வேலை செய்யும். பின்னால் பாரம் ஏறிய நீள்வாலில் பின் சக்கரமும் தரையை நன்றாகப் பிடிப்பதால், அதன் பிரேக்கிலும் காசைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: சுமையோடு மேட்டில் ஏற முடியவில்லை. இறங்கித் தள்ளுகிறேன். என் காலில் பலம் இல்லையா?

உங்கள் காலைக் குறை சொல்லாதீர்கள். பல்சக்கரம்தான் தவறு. அதே 150 கிலோவை அதே சரிவில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற்றச் சுமார் 140 வாட் வேண்டும். மூச்சு வாங்கும், ஆனால் சிறிது தூரம் முடியும். அந்த வேகத்தில் கால் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்ற வேண்டுமானால், ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டர்தான் நகர வேண்டும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் வைத்த 26 இஞ்ச் சக்கர வண்டியோ ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் நகரும். மேட்டில் அது காலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. முன்னால் 28 பல், பின்னால் 34 பல் உள்ள கியர் ஒன்று இருந்தால் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. சமதளத்துக்கு மற்ற கியர்கள் இருக்கட்டும். நீங்கள் எந்த கியரில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தள்ளிக்கொண்டு போகிறேன் என்ற வரியிலேயே விடை இருந்தது.

கேள்வி: தினமும் 12 கி.மீ. வேலைக்குப் போய் வருகிறேன். பை, மழை அங்கி, திரும்பும்போது காய்கறி, அவ்வளவுதான். இதற்குச் சுமை வண்டி வேண்டாம். ஆனால் முன்னால் கூடை வைத்தால் கைப்பிடி அடித்துக்கொள்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய சுமை வண்டி கட்டுவதைவிட, தினமும் ஓடும் ஒரு நல்ல வண்டியைக் கட்டுவது கடினம்.

கைப்பிடித் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளியை டிரெயில் என்பார்கள். இடைவெளி கூடினால் வேகத்தில் வண்டி நேராக ஓடும், ஆனால் முன்னால் பாரம் வைத்தால் கைப்பிடி ஒரு பக்கமாகச் சரியும். ஹெட் கோணம் (கைப்பிடித் தண்டு தரையோடு செய்யும் சாய்வு) 72 டிகிரி, ஃபோர்க் வளைவு (தண்டின் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளி நிற்கும் தூரம்) 45 மி.மீ. உள்ள ஒரு சாதாரண வண்டியில் டிரெயில் 65 மி.மீ. வரும். அதே வண்டியில் வளைவை 65 மி.மீ. ஆக்கினால் டிரெயில் 44-க்குக் குறையும், முன் சுமை அமைதியாகிவிடும். பாரிஸில் செய்தித்தாள் கட்டுகளை முன் கேரியரில் ஏற்றி ஓடிய ‘போர்த்தர்’ வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலாளர்கள் 15 கிலோ கட்டோடு பந்தயமே ஓடியிருக்கிறார்கள். உங்கள் ஃபோர்க்கை மாற்ற முடியாவிட்டால், கூடையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, சக்கரத்துக்கு மேலே தாழ்வாக, ஃபோர்க்கில் ஊன்றிய கேரியரில் வையுங்கள். பாதித் தொல்லை போய்விடும். கனமான காய்கறியைப் பின்னால் பக்கப் பைகளில் போடுங்கள்.

மற்றபடி, 40 மி.மீ.க்குக் குறையாத டயர், அது புகும் அளவுக்கு மட்கார்டு, செயினை முழுதும் மூடும் உறை, சக்கர அச்சிலேயே டைனமோ. இருட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டதே என்ற கவலை இல்லாமல் வீட்டுக்கு வர முடிவதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. சீட் உயரத்துக்கு ஒரு தொடக்க அளவு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

கேள்வி: மோட்டார் பொருத்தலாமா?

பிரேக், சக்கரம், கியர் மூன்றும் சரியான பிறகு பொருத்துங்கள். அலுமினிய ஃபோர்க்கில் முன் சக்கர மோட்டார் வேண்டாம். எஃகு ஃபோர்க்கில் அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் தாங்கு தகடு கட்டாயம். பேட்டரியைத் தாழ்வாக, வண்டியின் நடுவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரைதான் மோட்டார் உதவி செய்யும் வண்டியைச் சைக்கிளாக ஏற்கிறார்கள். உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கட்டித் தந்த வண்டியை வாங்கிக்கொள்ளும் முன் எப்படிச் சோதிப்பது? எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை, கண்ணும் பொறுமையும் போதும். ஒரு நூலை ஹெட் குழாயிலிருந்து பின் அச்சின் இடது முனைக்கும், அங்கிருந்து சுற்றி வலது முனை வழியாக மீண்டும் ஹெட் குழாய்க்கும் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கு இரு பக்கமும் நூல் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கோட்டம் இருந்தால் அங்கே தெரியும். சுமைச் சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் விரலால் தட்டினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும்.

பிறகு நீங்கள் ஏற்றப்போகும் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, வாகனம் இல்லாத இடத்தில் ஓட்டுங்கள். ஒரு கையை எடுத்துப் பாருங்கள். முழு பிரேக் அடித்துப் பாருங்கள். எட்டு எழுதிப் பாருங்கள். கட்டியவர் கூடவே நின்று பார்க்கட்டும், நான் நிற்பேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லி, ஸ்போக்ஸை மறுபடி இறுக்கி, ஒவ்வொரு பற்றவைப்பின் ஓரத்தையும் துணியால் துடைத்துப் பார்ப்பேன். பெயிண்டில் முடி அளவு கீறல் தெரிந்தால் அந்த வண்டி அன்று திரும்பிப் போகாது.